வாசகர் கேள்வி பதில்: பள்ளியில் அமெரிக்க வரலாறு

கேள்வி: என் மகன் அமெரிக்கப் பள்ளியில் நேராக ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவன். பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு வருகிறதாம். ஆரம்பத்திலிருந்து நடத்துவார்களா?
– ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: வழக்கமான வகுப்பில் நடத்த மாட்டார்கள். டெக்சஸில் காலனிக் காலம் தொடங்கி உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்பு வரை எட்டாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளிப் பாடம் 1877-லிருந்துதான். அதாவது, உங்கள் மகன் முதல் பாதியைத் தவறவிட்டுவிட்டான். ஏ.பி. (கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் உயர்நிலைப் பள்ளிப் பாடம்) வகுப்பு எடுத்தால் 1491-லிருந்து தொடங்குவார்கள், ஆனால் மின்னல் வேகத்தில் போகும். கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி, 1754 முதல் 1800 வரையுள்ள பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். அது பிடிபட்டால் முன்னேயும் பின்னேயும் போவது சுலபம். 1607-ல் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுனில் ஆரம்பிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் புரட்சிக்கு வந்துசேர்வதற்குள் களைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: மகள் ஏ.பி. அமெரிக்க வரலாறு எடுத்திருக்கிறாள். தேதி எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் மதிப்பெண் வரவில்லையே?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தேதிக்கு அங்கே மதிப்பெண் கிடையாது, அதுதான் காரணம். தேர்வு 3 மணி 15 நிமிடம். 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள் (40 சதவீதம்). இவை ஏதாவது ஒரு கடிதத்தையோ படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து, அதையொட்டியே கேட்கப்படும். பிறகு 40 நிமிடத்தில் மூன்று சிறு விடைகள் (20 சதவீதம்), ஒரு மணி நேரத்தில், கொடுத்த ஆவணங்களை வைத்து எழுதும் ஆவணக் கட்டுரை (25 சதவீதம்), கடைசியாக 40 நிமிடத்தில் நீள் கட்டுரை (15 சதவீதம்).

தேதி தேவைப்படுவது வரிசைக்காக. காலனிகளில் அச்சடித்த தாள்களுக்கு வரி போட்ட ஸ்டாம்ப் சட்டம் 1765-ல் வந்தது என்பது மட்டும் தெரிந்து பயனில்லை. 1763-ல் பிரான்சுடனான போர் முடிந்தது, பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது, அமெரிக்காவில் நிறுத்திய படைக்கும் செலவு, அதனால் வரி என்ற கோர்வை தெரிய வேண்டும். 1766-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்த அதே கையோடு, 'காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு' என்று பார்லிமென்ட் இன்னொரு சட்டமும் போட்டது. பல பிள்ளைகள் ரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1767-ல் இறக்குமதிப் பொருள்கள்மீது டவுன்ஷெண்ட் வரிகள் ஏன் வந்தன என்று பிறகு விழிப்பது அதனால்தான்.

நேரத்தைப் பங்கிடுவதிலும் கவனம் வேண்டும். 1491 முதல் 1607 வரையுள்ள பகுதிக்குத் தேர்வில் 4 முதல் 6 சதவீதம், 1607–1754-க்கு 6 முதல் 8. அடுத்த இரண்டு பகுதிகளுக்கு, அதாவது 1754–1800, 1800–1848 இரண்டுக்கும், தலா 10 முதல் 17 சதவீதம்.

கேள்வி: ஆவணக் கட்டுரையில் ஏழு ஆவணங்களையும் மேற்கோள் காட்டி எழுதியும் 7-க்கு 3 தான் வருகிறது. எங்கே தவறு?
– பத்தாம் வகுப்பு மாணவி, கலிபோர்னியா

பதில்: ஏழையும் சுருக்கி எழுதியிருப்பாய் என்று தோன்றுகிறது. சுருக்கம் வாதமாகாது. ஏழு புள்ளிகள் இப்படிப் பிரிகின்றன: மையக் கருத்துக்கு 1, பின்னணிக்கு 1, ஆவணச் சான்றுக்கு 2, ஆவணத்துக்கு வெளியே நீயே கொண்டுவரும் சான்றுக்கு 1, ஆவணத்தை எடைபோடுவதற்கு 1, சிக்கலான பார்வைக்கு 1. ஆவணச் சான்றில் இரண்டும் கிடைக்க நான்கு ஆவணங்களை உன் வாதத்துக்குத் துணையாக நிறுத்தினால் போதும். எடைபோடுவது இரண்டு ஆவணங்களிலாவது இருக்க வேண்டும்.

அந்த எடைபோடுதலில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பாஸ்டன் படுகொலையை, அதாவது பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டதைப் பற்றி பால் ரிவியர் 1770-ல் வெளியிட்ட செதுக்குப் படத்தை எடுத்துக்கொள். அதில் சிப்பாய்கள் நேர்கோட்டில் நின்று ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். பின்னால் அதிகாரி வாளை உயர்த்தி உத்தரவிடுகிறார். எதிரே நிராயுதபாணிகளான மக்கள். சுங்கச்சாவடிக் கட்டடத்தின் மேல் 'கசாப்பு மாளிகை' என்ற பெயர்ப்பலகை வேறு! நடந்தது மார்ச் 5 இரவு, கூட்டம் பனிக்கட்டியும் தடியும் வீசிய குழப்பத்தில். ஐந்து பேர் இறந்தார்கள். வழக்கில் சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். சிப்பாய்களின் அதிகாரியான கேப்டன் பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை, இருவருக்கு மட்டும் கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றம்.

'இப்படம் பக்கச்சார்பானது' என்று எழுதினால் புள்ளி இல்லை. 'ரிவியர் காலனித் தரப்பின் தீவிர ஆதரவாளர். படைகளை நகரிலிருந்து விரட்ட மக்களைத் தூண்டுவதே நோக்கம். ஆகவே உத்தரவிட்டுச் சுட்டதாகக் காட்டுகிறார். நடந்ததற்கு இது பலவீனமான சான்று, காலனிகளில் கோபம் எப்படி வளர்க்கப்பட்டது என்பதற்கு வலுவான சான்று' என்று எழுது. நோக்கம் என்ன, அது உன் வாதத்துக்கு எப்படிப் பயன்படுகிறது என்ற இரண்டும் ஒரே இடத்தில் வர வேண்டும். முதல் 15 நிமிடத்தைப் படிக்கவே ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் ஆவணங்களை இரண்டு மூன்று குவியலாகப் பிரித்துவிடு. ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக எழுதப் போனால் மறுபடியும் சுருக்கத்தில்தான் வந்து நிற்பாய்.

கேள்வி: 1773 சட்டம் தேயிலை விலையைக் குறைத்தது என்கிறது பாடப் புத்தகம். விலை குறைந்ததற்கா கடலில் கொட்டினார்கள்?
– ஒரு வாசகர், இல்லினாய்ஸ்

பதில்: ஆமாம், குறைந்ததால்தான்! நமக்கு நன்றாகத் தெரிந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது பணமுடையில் இருந்தது. கிடங்கில் தேங்கிய சரக்கை நேராகக் காலனிகளுக்கு அனுப்ப அனுமதித்து, பிரிட்டனில் கட்டிய தீர்வையையும் திருப்பிக் கொடுத்தார்கள். கடத்தி வந்த டச்சுத் தேயிலையைவிடவே இது மலிவு. ஆனால் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற டவுன்ஷெண்ட் வரி அப்படியே இருந்தது. மலிவு என்று வாங்கினால் பார்லிமென்ட்டின் வரிவிதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். கம்பெனி முகவர்கள் அல்லாத வியாபாரிகளுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பும் போகும்.

பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது ஏன் டிசம்பர் 16 இரவு? வந்த 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றலாம். முதல் கப்பலான டார்ட்மவுத்துக்கு அந்தக் கெடு மறுநாள் முடிகிறது. கப்பலைத் திருப்பி அனுப்ப ஆளுநர் ஹட்சின்சன் மறுத்தார். அன்றிரவே மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குப் போயின.

கேள்வி: பில்கிரிம்களும் பியூரிட்டன்களும் ஒன்றா?
– ஒரு வாசகி, மிச்சிகன்

பதில்: 1620-ல் பிளிமத்துக்கு வந்த பில்கிரிம்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே பிரிந்தவர்கள். 1630-ல் ஜான் வின்த்ரோப்புடன் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பியூரிட்டன்கள் உள்ளேயிருந்தே அதைச் சீர்திருத்த நினைத்தவர்கள். எண்ணிக்கையிலும் மிக அதிகம். இரு கூட்டமும் எல்லோருக்கும் மதச் சுதந்திரம் கொடுக்க வரவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: வர்ஜீனியாவில் அடிமைமுறைக்குக் காரணம் 1676 பேக்கன் கலகம் என்று மகன் எழுதினான். ஆசிரியர் அடித்துவிட்டார். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது?
– ஒரு வாசகர், வட கரோலினா

பதில்: 'காரணம்' என்றதற்குத்தான் அடி விழுந்திருக்கும். 1619-ல் முதல் ஆப்பிரிக்கர்கள் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்டபோது அடிமைமுறையை வரையறுக்கும் சட்டம் அங்கே இல்லை. சிலர் பின்னாளில் விடுதலை பெற்று நிலமும் வைத்திருந்தார்கள். 1640-ல் மூன்று வேலையாட்கள் சேர்ந்து ஓடிப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு ஊழியம், ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கருக்கு ஆயுள் முழுதும். 1662-ல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் வந்தது. கலகத்துக்கு 14 ஆண்டு முந்தியது இது.

வர்ஜீனியா ஆளுநருக்கு எதிராக நத்தானியேல் பேக்கன் நடத்திய பேக்கன் கலகம் இந்தப் போக்கை வேகப்படுத்தியது. ஒப்பந்தக் காலம் முடிந்து நிலமில்லாமல் நின்ற, ஆயுதம் தாங்கிய ஏழைகளைக் கண்டு தோட்ட முதலாளிகள் மிரண்டார்கள். இங்கிலாந்திலிருந்து ஒப்பந்த ஆட்கள் வருவதும் குறைந்தது. 1698-ல் இங்கிலாந்தின் ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியின் ஏகபோகம் போய், அடிமை வணிகம் பலருக்குத் திறந்தது. 1705-ல் வர்ஜீனியா எல்லாவற்றையும் ஒரே அடிமைச் சட்டமாகத் தொகுத்தது. 'காரணம்' என்ற இடத்தில் 'விரைவுபடுத்தியது' என்று போட்டு, 1662-ஐயும் குறிப்பிட்டால் அதே பத்தி நிற்கும்.

கேள்வி: ஐந்தில் மூன்று பங்கு உடன்பாடு அடிமைகளை முழு மனிதராக மதிக்காததால் வந்தது, தென் மாநிலங்கள் குறைத்து எண்ணச் சொன்னார்கள். சரிதானே?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், ஜார்ஜியா

பதில்: பின்பாதி தலைகீழ். அரசியல் சட்டத்தை எழுதிய 1787 பிலடெல்பியா மாநாட்டில் அடிமைகளை முழுதாக எண்ணச் சொன்னது தென் மாநிலங்கள். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கே இருந்தார்கள். ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று உடன்பாடு ஆனது. எண்ணிக்கை கூடினால் பிரதிநிதிகள் சபையில் இடங்கள் கூடும், ஜனாதிபதித் தேர்தலிலும் வாக்காளர் குழு வாக்குகள் கூடும். அடிமைக்கு வாக்கு எதுவும் கிடையாது; அவரைக் காட்டிப் பெற்ற இடம் எஜமானருக்கு. மூல அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. 'மற்ற நபர்கள்' என்றுதான் இருக்கும். அதே ஆவணத்தில் 1808-க்கு முன் அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது என்ற பிரிவும், தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கும் பிரிவும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்களான உரிமைகள் மசோதாவை 1787 கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்; அது நடைமுறைக்கு வந்தது 1791 டிசம்பரில்.