கோப்பையின் விளிம்பு

தம்பி, தத்துவத்தில் பிஎச்.டி. செய்ய அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஓவியத்தை இப்போதைக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலை நிரந்தரமானதும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே 31 வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வைக்காதீர்கள்.

நான் வைத்தேன். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஆறாவது வருஷ வாக்கில் டெனியூருக்கு, அதாவது நிரந்தர வேலைக்கு, எடைபோடுவார்கள். தேறாவிட்டால் பெரும்பாலும் இன்னும் ஒரு வருஷம்தான் வேலை. தேறுவதற்குக் கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும். முன்னணி ஆய்விதழ்களோ வருகிற கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பதைத் திருப்பிவிடும். அந்தப் பயத்தில் தூரிகையைத் தொடவே இல்லை. டெனியூர் வந்தது, பின்னாலேயே துறைத் தலைவர் பொறுப்பும் வந்தது. 1994-லிருந்து இங்கே பேராசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு வயதும் இல்லை. 'ஓய்வுக்கு அப்புறம்' என்கிற நாளை நாமே குறித்தால்தான் உண்டு. நான் குறித்தபோது வயது 69.

முதல் நாள் மேஜை மேல் இருந்த கோப்பையை வரைய உட்கார்ந்தேன். அதன் விளிம்பு வட்டம் என்று மனதுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குப் படுவது நீள்வட்டம். புலனறிவுப் பாடத்தில் ஒரு நாணயத்தைச் சாய்த்துக் காட்டி இதைத்தான் வருஷா வருஷம் விளக்கினேன். என் கை மட்டும் திரும்பத் திரும்ப வட்டத்தையே போட்டது. நாலைந்து தாள் கிழிந்த பிறகுதான் பார்ப்பதை வரைய வந்தது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. முப்பது வயதில் இதைக் கையால் கற்றிருந்தால் அந்தப் பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்தியிருப்பேன்!

நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக் 1948 முதல் 1963 வரை ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்தார். முதல் நாவல் வெளியானது 1954-ல், பணியில் இருக்கும்போதே. அவரளவுக்கு வேண்டாம், வாரத்தில் இரண்டு மணிநேரம் போதும். ஆய்வுக்கட்டுரை அதனால் நின்றுவிடாது.

ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கும்போது வரைவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். படத்தை விற்பது வேறு. காசு வாங்குவதற்கு முன்னால் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஓவியத் துறையில் மாலை வகுப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கூட நாலு பேர் வரைகிற அறையில் கை சீக்கிரம் பழகும். எனக்கு இப்போது விரல் நடுங்குகிறது, மெல்லிய கோடு நேராக நிற்பதில்லை. அதனால் கரித்துண்டில் பெரிது பெரிதாக வரைகிறேன்.