நிலக்கரியும் பெட்ரோலும் இல்லாமல், வெயிலையும் காற்றையும் நம்பி உலகம் ஓடுமா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்கோ ஒரு போர் வந்தாலே எண்ணெய், எரிவாயு விலை எகிறுகிறதே, இதிலிருந்து வெளியே வர முடியுமா? காற்றும் வெயிலும் நினைத்த நேரத்தில் கிடைக்காதே, அப்போது என்ன செய்வது?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சோலார் பேனலும் காற்றாலையும் நட்டுவிட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன் நான். மின்சாரம் கிடைக்கிற நேரம் ஒன்று, நமக்குத் தேவைப்படுகிற நேரம் வேறு. பணமும் மூளையும் இந்த இடைவெளியில்தான் இறங்க வேண்டும்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. மே கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை சீசன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியாகக் குறைந்தால் ஆற்றல் எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் ஆடியில் பேய் மாதிரி சுற்றுகிற மெஷின், ஐப்பசியில் சும்மா நிற்கிறது. போல்ட் முறுக்குவது, கியர்பாக்ஸ் எண்ணெய் பார்ப்பது எல்லாம் சீசனுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஆடியில் ஒரு நாள் மெஷின் நின்றால், மாசியில் பல நாள் நிற்பதைவிட முதலாளிக்கு நஷ்டம் அதிகம்.

அப்படிப்பட்ட ஆடியில்தான் சில நாள் போன் வரும்: "பேக் டவுன் பண்ணுங்க." உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் அவ்வளவு மின்சாரத்துக்குத் தேவை இருக்காது, அல்லது கம்பி தாங்காது. அனல் மின்நிலையத்தை ஏன் நிறுத்தக்கூடாது என்று கேட்கலாம். அதை மதியம் அணைத்துவிட்டு மாலையில் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. பாய்லர் சூடேறவே பல மணி நேரம் ஆகும், ஒரு அளவுக்குக் கீழே இறக்கவும் முடியாது. 2023இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதிகள், நிலக்கரி நிலையங்கள் தங்கள் முழுத் திறனில் 55 சதவீதம் வரையும், பிறகு படிப்படியாக 40 சதவீதம் வரையும் இறங்கத் தயாராக வேண்டும் என்கின்றன. இறங்கச் சொல்லும் விதியே இந்த அளவுதான். ஆக, காசில்லாமல் வருகிற காற்றுக்கு இறக்கையைத் திருப்பி வைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய கரியை எரிக்கிறோம். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும்.

நிலக்கரியின் பலம் எது என்பதும் இங்கேதான் புரிகிறது. அனல் நிலைய வளாகத்தில் மலை மாதிரி குவிந்து கிடக்கிற கரி, குதிரில் கிடக்கிற நெல் மாதிரி. வேண்டும்போது அள்ளிக்கொள்ளலாம். வெயிலும் காற்றும் கரியை விலையில் ஏற்கனவே நெருங்கிவிட்டன, பல இடங்களில் முந்தியும்விட்டன. மின்சாரத்தைச் சேமித்து வைக்க அந்த மாதிரி ஒரு குதிர்தான் நாம் இன்னும் கட்டவில்லை.

தமிழ்நாட்டில் 2012ஐ அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில்தான் வரும் என்பதால் என் சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் மோட்டார் போடுவார், பாம்புக்குப் பயந்து கால்களைத் தட்டித் தட்டி நடப்பார். அந்த நாளிலும் தமிழ்நாட்டில் காற்றாலை இல்லாமலில்லை, ஏழாயிரம் மெகாவாட் அளவுக்கு இருந்தது. ஆனால் தென் மாநிலங்களின் மின்தொகுப்பு (கிரிட்) நாட்டின் மற்ற பகுதியோடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதுவரை வடக்கிலிருந்து நினைத்த அளவு வாங்கவும் முடியாது, காற்று மிஞ்சினால் விற்கவும் முடியாது. இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை, 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய நேர்மின் (டிசி) கம்பித் தடம் இருக்கிறது. தேவையென்றால் இங்கிருந்து அங்கே திருப்பியும் அனுப்பலாம். இப்படி ஒரு கம்பித் தடம் பல காற்றாலைகளுக்குச் சமம் என்பேன். யாரும் அதைப் படம் எடுத்துப் போடுவதில்லை.

இனி முதல் கேள்வி. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, ஜெர்மனி தனக்கு வேண்டிய எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. குழாய் நின்றதும் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை ஐரோப்பா என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்கியது. அந்த விலை கட்டுப்படியாகாமல் இருட்டில் உட்கார்ந்தது பாகிஸ்தானும் பங்களாதேஷும்தான். இது எனக்கு இன்றும் ஆறவில்லை. போர் ஒரு கண்டத்தில், பணம் இன்னொரு கண்டத்தில், பவர் கட் மட்டும் நம் பக்கத்து ஏழைகளுக்கு.

பாகிஸ்தான் மக்கள் அதற்குப் பிறகு செய்ததைப் பாருங்கள். கரண்ட் பில் தாங்காமல் வீட்டு மாடியிலும் வயலிலும் பட்டறைக் கூரையிலும் தாங்களாகவே பேனல் போட ஆரம்பித்தார்கள். 2024இல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் பேனல் இறக்குமதியானது. பெரிய அரசுத் திட்டம் எதுவும் அவர்களைத் தள்ளவில்லை.

"பேனல் சீனாவிலிருந்துதானே வருகிறது, அதுவும் அடிமைத்தனம்தானே?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கவலை, பேனல் தயாரிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. இருந்தாலும் இரண்டும் ஒன்றில்லை. உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வளைகுடா நாடுகளின் கப்பல்கள் கடக்கிற ஹார்முஸ் நீரிணை வழியாகப் போகிறது, அது அடைபட்டால் சில வாரங்களில் பங்க்கில் வரிசை நிற்கும். நாளைக்கே சீனா பேனலை நிறுத்தினாலும், மாடியில் ஏற்கனவே இருக்கிற பேனல் இருபது, இருபத்தைந்து வருடம் மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். புதிதாகப் போடுவதுதான் தடைபடும்.

மின்சாரத்தைச் சேமிக்கிற குதிர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் புது வித்தை ஒன்றும் வேண்டாம். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 1980களின் கடைசியிலிருந்தே 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இதே மாதிரி நீலகிரியில் குந்தாவில் திட்டமிட்ட 500 மெகாவாட் நிலையம் வருடக்கணக்கில் இழுத்தது. காற்றாலை போட்ட வேகத்தில் பாதி வேகம் இதில் காட்டியிருந்தால் எங்களுக்கு அந்தப் போன் இவ்வளவு தடவை வந்திருக்காது. பேட்டரியும் மலிவாகிவிட்டது. ஒரு யூனிட் சேமிக்கிற லித்தியம் பேட்டரித் தொகுப்பு 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல், 2024இல் சராசரியாக 115 டாலர். சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் இறங்கி வீடுகளில் விளக்கும் ஃபேனும் ஏசியும் ஓடுகிற அந்த நாலைந்து மணி நேரத்தை இது தாங்கும். காற்றில்லாத ஐப்பசி, கார்த்திகையைத் தாங்காது. அதற்கு அணுமின்சாரமும் நீர்மின்சாரமும் வெளிமாநிலக் கம்பியும் வேண்டும், கொஞ்ச காலத்துக்குக் கரியும் வேண்டும். அதனால் இருக்கிற அனல் நிலையங்களை நாளைக்கே இடிக்கச் சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்று கட்டப் பணம் ஒதுக்கினால் மட்டும் எதிர்ப்பேன், அந்தப் பணம் மலைமேல் தண்ணீர் ஏற்றப் போகட்டும்.

உரம், இரும்பு, சிமெண்ட், விமானம் இவற்றுக்கெல்லாம் இன்னும் மலிவான மாற்று வரவில்லை. அவை கடைசியில்தான் மாறும். மின்சாரமும் வண்டியும் முதலில் மாறலாம், அவற்றுக்கு வழி கையில் இருக்கிறது. உலகில் நிலக்கரி மின்சாரத்தை ஆரம்பித்து வைத்ததே பிரிட்டன்தான், 1882இல் லண்டனில். அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.