ஈப்போவுக்கு நீங்கள் பறந்து போங்கள், மச்சான் ரயிலில் வரட்டும்

காஜாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பங்குபோட்டு வாங்கிய இரண்டு இருக்கை அல்ட்ராலைட், அதாவது மிக இலகுவான சிறு விமானம். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். பயணவேகம் 70 நாட், அதாவது மணிக்கு 70 கடல் மைல். தொட்டி 80 லிட்டர். உரிமம் வாங்கிய பிறகு 60 மணி நேரம் ஓட்டியிருக்கிறார், எல்லாம் சொந்த ஓடுதளத்தைச் சுற்றியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானை ஏற்றிக்கொண்டு ஈப்போ போய், பசியாறி, ஊரைச் சுற்றிப் பார்த்து, மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு வீடு திரும்ப ஆசை. ஓடுதளத்திலிருந்து ஈப்போ 90 கடல் மைல். எவ்வளவு பெட்ரோல், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்கிறார். எடைக் கணக்குக்கான விவரங்களையும் அவரே இணைத்திருப்பது நல்ல அடையாளம். பலர் அதைச் சொல்லமாட்டார்கள்.

முதலில் மச்சானைப் பார்ப்போம். உங்கள் விமானத்தின் உச்ச எடை 450 கிலோ, வெறும் எடை 268. மிஞ்சுவது 182. நீங்கள் 78, மச்சான் 92, ஆக 170. இனி பெட்ரோலுக்கு இருப்பது 12 கிலோ, அதாவது 16 லிட்டர். உங்கள் எஞ்சின் மணிக்குக் குடிப்பதும் 16 லிட்டர்தான். காற்றே அசையாத நாளில்கூட ஈப்போவுக்கு 77 நிமிடம் வேண்டும். தாப்பா பக்கம் எஞ்சின் நின்றுவிடும்.

"கொஞ்சம் கூடுதல் எடையோடும் ஏறிவிடுகிறதே" என்பார்கள். ஏறும், அதுதான் சிக்கலே. ஏறும் வேகம் குறையும், ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தாங்காமல் போகும் வேகம், கூடும், இறங்கும்போது ஓடுதளம் குட்டையாகிவிடும். ஒன்றும் ஆகாமல் பத்து முறை போய்வந்தவர் பதினோராவது முறையும் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.

மச்சானை இடிஎஸ் ரயிலில் அனுப்புங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து இரண்டரை மணி நேரம் போல ஆகும். நான் சமாளிப்புக்குச் சொல்லவில்லை. இந்தப் பயணத்துக்கு அந்த ரயில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் மட்டும் போனால் கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். எதிர்காற்று 15 நாட் என்று வையுங்கள். தரைவேகம் 55, போக 98 நிமிடம், 26 லிட்டர். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று நம்பவேண்டாம். காற்றில்லாததுபோல் 21 லிட்டர். முக்கால் மணி நேரக் கையிருப்பு 12. தரையில் ஓடுவது, மேலே ஏறுவது, மழையைச் சுற்றிப் போவது எல்லாவற்றுக்கும் 8. மொத்தம் 67 லிட்டர், சுமார் 50 கிலோ. எடையும் இடிக்காது, தொட்டியும் கொள்ளும், ஈப்போவில் பெட்ரோல் தேடி அலையவும் வேண்டாம். அளவுமானியை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள்.

அப்படியே தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் வடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், பாதி காலியான தொட்டி இரவு முழுக்க நின்றால் உள்ளே நீர் வேர்க்கும். புட்டியின் அடியில் முத்துப் போல ஒரு துளி உருளும். தட்டினால் உடையாமல் நகரும். அது நிற்கும்வரை வடியுங்கள். புட்டி முழுக்க ஒரே நிறமாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள், முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். மோந்து பாருங்கள்.

அடுத்து நேரம். மாலை நான்கு மணி என்ற எண்ணத்தையே விடுங்கள். திதிவங்சா மலையோரம் மதியத்துக்கு மேல் மேகம் கட்ட ஆரம்பித்தால் இரண்டு, மூன்று மணிக்கு இடிமழை. நீங்கள் அந்த மலையை ஒட்டித்தான் போகப்போகிறீர்கள். விடியல் ஏழு மணியை ஒட்டி. முந்தின நாள் மழை பெய்திருந்தால் பள்ளங்களில் பனிமூட்டம் தங்கும், அது கலையட்டும். 7:45-க்குக் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்கு ஈப்போ. பதினொன்றுக்கு மறுபடி ஓடுதளத்தில் நிற்கவேண்டும். வெள்ளைக் காப்பிக்கும் தோசைக்கும் நேரம் இருக்கிறது, ஊர் சுற்ற இல்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்று உண்டு: சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் புயல்வரிசை. அதனால் எழுந்ததும் வானிலைத் துறையின் ரேடார் படத்தைப் பாருங்கள். வெளியே எட்டிப் பார்த்து வானம் தெளிவு என்று முடிவு கட்டாதீர்கள்.

வழி சுலபம். நெடுஞ்சாலையைப் பார்த்துப் பறப்பது ஒன்றும் கேவலமில்லை. வலப்பக்கம் மலை, கீழே பிளஸ் சாலையும் ரயில் தண்டவாளமும்; தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா. தாப்பாவுக்கு மேல் இரண்டும் பிரியும். சாலை கோப்பெங் வழியாக மலையோரம் போகும், தண்டவாளம் கம்பார், பத்து காஜா வழியாக மேற்கே ஒதுங்கும். ஈப்போ விமான நிலையம் இரண்டுக்கும் நடுவில், ஊருக்குத் தெற்கே இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகள் தெரிய ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைத்து, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசி முடித்திருக்க வேண்டும். அங்கே பயணிகள் விமானங்களும் வந்து போகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் வான்வெளியைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன்: 2024 முதல் சுபாங் விமான நிலையத்தில் மறுபடி ஜெட் பயணிகள் விமானங்கள் இறங்குகின்றன; அதனால் அனுமதி, உயரம், பயணத் திட்டம், உங்கள் உரிமத்தின் நிபந்தனை எல்லாவற்றையும் முதல்நாளே உங்கள் பயிற்றுநரோடு உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது? 2,000 அடியில் இருக்கும்போது, பத்துக்கு ஒன்று என்று, அதாவது ஓர் அடி இறங்குவதற்குள் பத்து அடி முன்னே போகும்படி, மிதக்கும் விமானம் காற்றில்லாமல் 6 கிலோமீட்டர் போகும். அதில் பாதியை மட்டும் உங்களுடையது என்று எண்ணுங்கள். கீழே பெரும்பாலும் செம்பனை. மேலிருந்து மெத்தை மாதிரி தெரியும். 9 மீட்டருக்கு ஒரு மரம், இறக்கை நுழைய இடமில்லை. தோட்டத்துப் பந்துத் திடல், பள்ளித் திடல், கம்பார் பக்கம் பழைய ஈயக் குட்டைகளை ஒட்டிய மணல்வெளி, இவற்றைப் பார்த்துக்கொண்டே போங்கள். மின்கம்பி தெரியாது, கோபுரம்தான் தெரியும். இரண்டு கோபுரங்களைக் கண்டால் நடுவே கம்பி இருக்கிறது என்று வையுங்கள்.

இனி ரயில். சில வருடங்களுக்கு முன் ஈப்போவில் நண்பர்களோடு பேச்சு வளர்ந்து, நான் ஒரு மணிக்குத்தான் மேலே ஏறினேன். தவறு முழுக்க என்னுடையது. பீடோர் தாண்டியதும் சிலிம் ரிவர் பக்கம் மலை இல்லை. மலை இருக்கவேண்டிய இடத்தில் தரைவரை சாம்பல்நிறத் திரை. மறுநாள் திங்கட்கிழமை, வேலை. இன்னும் ஐந்து நிமிடம் போய்ப் பார்ப்போம் என்று மனம் சொன்னது. அந்த ஐந்து நிமிடத்தில் பலர் போயிருக்கிறார்கள். திரும்பி ஈப்போவில் இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினேன். மூன்று ரயிலுக்கும் இடமில்லை. இரவு ஒன்பதுக்குத்தான் கிடைத்தது.

ஆகவே மச்சானிடம் திரும்பும் டிக்கெட்டை இரண்டாக எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று வீணானால் போகட்டும். விமானத்தில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இருக்கையில் மூன்று கயிறும், மூன்று இரும்பு ஆப்பும், ஒரு சுத்தியலும் வையுங்கள். பெல்ட்டைப் போட்டு இறுக்கிவிடுங்கள், சுத்தியல் உருளாமல்.