ஆருஷி கொலை வழக்கில் பெற்றோர்தான் குற்றவாளிகளா? உங்கள் கருத்து என்ன?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெற்றோர்தான் செய்தார்கள் என்பதை வழக்கில் வைக்கப்பட்ட சாட்சியம் காட்டவில்லை. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது சரி என்பதே என் எண்ணம். நான் தருமபுரியில் வக்கீல் குமாஸ்தா. நகல் மனு போடுவதும் வழக்குக் கட்டைப் புரட்டுவதும்தான் பிழைப்பு என்பதால், எந்தக் கொலைச் செய்தியைப் படித்தாலும் மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துச் சாட்சிகளோடு எழுதும் ஆவணம்) எங்கே, சாட்சி யார் என்றுதான் மனம் போகிறது.

வழக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2008 மே 16 காலை, நொய்டாவின் ஜல்வாயு விஹார் குடியிருப்பில், பல் மருத்துவர்களான ராஜேஷ், நூபுர் தல்வார் தம்பதியின் ஒரே மகள் ஆருஷி தன் அறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். பதினான்காவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. வீட்டு வேலைக்காரர் ஹேம்ராஜைக் காணவில்லை. நேபாளத்துக்காரர். கொன்றுவிட்டு ஓடிவிட்டான் என்று போலீஸ் அவரைத் தேடியது. மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் அவர் உடல் கிடைத்தது. மே 23 அன்று தந்தையைக் கைது செய்தார்கள். பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. அங்கே முதல் குழு வேலையாட்கள் மூவரைச் சந்தேகித்துப் பிடித்தது; ஆதாரம் இல்லாமல் அவர்கள் வெளியே வந்தார்கள். இரண்டாவது குழு தந்தையைச் சந்தேகித்தது. ஆனால், குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லை, வழக்கை முடித்துவிடலாம் என்று 2010 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. மாஜிஸ்திரேட் அதை ஏற்காமல் பெற்றோருக்குச் சம்மன் அனுப்பினார். 2013 நவம்பரில் காசியாபாத் சிபிஐ நீதிமன்றம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ஆதாரம் போதாது என்று புலனாய்வு செய்தவர்களே எழுதிக்கொடுத்த வழக்கு இது என்பதை விவாதம் செய்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த வழக்கு செத்தது முதல் நாளிலேயே. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. கைப்பிடியில் ரத்தக்கறை இருந்ததை அன்றே சிலர் பார்த்திருக்கிறார்கள். சாவி கிடைக்கவில்லை என்று கதவை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் பென்னாகரம் பக்கம் ஆடு திருடுபோன வழக்கென்றாலும் கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிவந்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு பார்வை மகஜர் எழுதுவார்கள்; பட்டி எங்கே, வேலி எங்கே என்று மாதிரி வரைபடமும் போடுவார்கள். அங்கே தலைநகருக்குப் பக்கத்திலேயே, இரட்டைக் கொலை நடந்த வீட்டில், ஒரு பூட்டை உடைக்க ஆளில்லை. வீடு முழுக்க உறவினர், அக்கம்பக்கத்தார், பத்திரிகைக்காரர்கள். சிறுமியின் உடலும் அன்றே தகனமாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் இருந்த விஸ்கி பாட்டிலில் இறந்த இருவரின் ரத்தமும் இருந்தது. கொலையாளி அதைத் தொட்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அதிலிருந்து யாரையும் அடையாளம் காட்ட முடியவில்லை. இப்படித் தடயத்தைத் தொலைத்துவிட்டால், மீதி எல்லாம் ஊகம்தான்.

அந்த ஊகம் யார் வாயில் எப்படி வந்தது என்பதுதான் எங்கள் ஊரில் நான் பார்த்த வேடிக்கை. நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் தீர்ப்பு வந்த வாரம் முழுக்க இதே பேச்சு. படித்த, வசதியான மனிதர்கள், ‘டாக்டர்கள் பெற்ற பிள்ளையைக் கொல்வார்களா?’ என்றார்கள். என் பெரியம்மா பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குப் போய் வீட்டுவேலை செய்தவர். அவருக்கு ஆருஷியைவிட ஹேம்ராஜ்தான் முக்கியமாகப் பட்டது. “சாமி, அந்த வீட்டில் வெள்ளி டம்ளர் ஒன்று காணவில்லை என்றால் முதலில் என் பையைத்தான் கவிழ்ப்பார்கள். இந்த மனுஷன் செத்துக் கிடக்கும்போதே திருடன், கொலைகாரன் என்று பெயர் வாங்கிவிட்டான். அவனை முதலில் கைகாட்டியது யாரோ அவர்கள்தான் கொன்றிருப்பார்கள்” என்றார். கடைசி வாக்கியம் சட்டப்படி நிற்காது. முன்னே சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு கூட்டம், தாய் அழவில்லையே என்றது. கணவர் கைதான பிறகு நூபுர் தல்வார் தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசினார், அதுவே குற்றமாகிவிட்டது. எழவு வீட்டுக்குப் போய்வந்து, மருமகள் மாரடித்து அழுதாளா, சும்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாளா என்று பேசுகிற ஊர்தான் எங்களுடையது. ஒப்பாரி வைக்கத் தெரியாதவளுக்குத் துக்கமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். போலீஸ் மட்டும் என்ன வாழ்ந்தது? உயரதிகாரி பேட்டி கொடுத்து, ஒரு சிறுமியின் நடத்தையை நாடே பேசும்படி செய்தார். அந்தப் பேட்டியில் அவள் பெயரைக்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை.

தண்டனைத் தீர்ப்பின் முதுகெலும்பு இதுதான்: வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள், இருவர் இறந்தார்கள், மீதி இருவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 106ஆவது பிரிவு, ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பு தன் பங்கை முதலில் நிரூபித்த பிறகுதான் அந்தப் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் திரும்பும். வெளியார் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது என்பது நிலைநாட்டப்படவே இல்லை. ஹேம்ராஜும் ஆருஷியின் அறையில்தான் கொல்லப்பட்டார் என்றார்கள். அந்த அறையில் அவருடைய ரத்தம் ஒரு துளிகூட இல்லை. கழுத்தை அறுத்ததாகச் சொன்ன மருத்துவக் கத்தி கைப்பற்றப்படவில்லை. அன்று காலை வந்த வேலைக்காரப் பெண்ணின் சாட்சியம் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்று உயர் நீதிமன்றம் கருதியது.

எனக்கு இன்றும் உறுத்துவது ஒரு தலையணை உறை. முதலில் பிடிபட்ட மூவரில் ஒருவரான உதவியாளரின் இருப்பிடத்தில் எடுத்த ஊதா நிற உறையில் ஹேம்ராஜின் ரத்தம் இருந்ததாக ஹைதராபாத் மரபணு ஆய்வகம் அறிக்கை கொடுத்திருந்தது. 2011இல் அதைச் சுட்டிக்காட்டியபோது, அது தட்டச்சுப் பிழை, இரண்டு பொருட்களின் விவரம் இடம் மாறிவிட்டது என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். அதனால் அந்த உதவியாளர்தான் கொலையாளி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்மீது எந்த நீதிமன்றமும் குற்றம் காணவில்லை. ஆனால் சர்வே எண்ணில் ஓர் எழுத்து மாறினாலே திருத்த மனு, அபிடவிட், வாய்தா என்று அலைகிற ஆள் நான். கொலை வழக்கில் இவ்வளவு சுலபமாக ஒரு பிழை திருத்தப்படுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அதே 2013இல் எங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று வந்தது. ஜூலை 4 அன்று, அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம், சாதி மீறித் திருமணம் செய்த இளைஞர் ஒருவரின் உடல் கிடந்தது. கொலையா, தற்கொலையா? உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து மறு பிரேதப் பரிசோதனை செய்தார்கள். நீதிபதி சிங்காரவேலு ஆணையம் தற்கொலை என்றது. இன்றும் தருமபுரியில் ஒருவரிடம் இதைக் கேட்டால், அவர் சொல்லும் பதிலிலிருந்து அவர் எந்தத் தெருக்காரர் என்று தெரிந்துகொள்ளலாம். அறிக்கையைப் படித்தவர்கள் இரண்டு பக்கமும் குறைவு. நொய்டாவை ஏன் நான் தூரத்து ஊராக நினைப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆருஷி வழக்கு முழுதாக முடியவும் இல்லை. விடுதலையை எதிர்த்து 2018இல் சிபிஐ செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், ஹேம்ராஜின் மனைவி அங்கே போயிருந்தார். விடுதலை தவறு என்ற அவருடைய வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் கணவரைக் கொன்றது யார் என்று கேட்க அவருக்கு இருக்கும் உரிமை, டீக்கடையில் பேசுகிற நமக்கு இல்லை. இரண்டு பேர் இறந்த வழக்குக்கு ஒருவர் பெயரை மட்டும் வைத்திருக்கிறோம். உங்கள் கேள்வியிலும் ஹேம்ராஜ் இல்லை.