தெருமுனை டாக்கோ

கேள்வி: லாஸ் ஏஞ்சலீஸில் எங்கள் தெருமுனையில் மாலைதோறும் ஒரு மெக்சிகோ உணவு வண்டி நிற்கிறது. விலை மிகவும் குறைவு. அங்கே கிடைப்பது அசல் மெக்சிகோ உணவுதானா? எதைக் கேட்டு வாங்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: விலை குறைவு என்பதற்காக ஐயப்பட வேண்டாம், மெக்சிகோவிலும் டாக்கோ (மெல்லிய ரொட்டியில் இறைச்சி முதலியவற்றை வைத்து மடித்தது) தெருவோரம் நின்றபடி உண்ணப்படும் எளிய உணவுதான். ஓடு போல மொறுமொறுப்பாக்கிய ரொட்டியில் மஞ்சள் பாலாடைக்கட்டியைத் தூவித் தருவது அமெரிக்க வழக்கம். உள்ளங்கையளவு மென்மையான மக்காச்சோள ரொட்டியான டார்ட்டியாவின் மேல் இறைச்சி, நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித்தழை மட்டும் வைத்து, எலுமிச்சையும் சல்சா என்னும் காரச் சட்னியும் உடன் தந்தால், நீங்கள் நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

செங்குத்தான கம்பியில் இறைச்சி அடுக்கு சுழன்று வேகுமானால், தயங்காமல் ‘அல் பாஸ்தோர்’ கேளுங்கள். லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுசென்ற ஷவர்மா முறையே, அங்கே பன்றி இறைச்சிக்கும் உலர்மிளகாயும் அச்சியோட்டே விதையும் சேர்ந்த சிவந்த மசாலாவுக்கும் மாறி, அன்னாசித் துண்டின் புளிப்பினிப்போடு இந்த உணவாயிற்று. எனக்கு இதைவிட டார்ட்டியாவின் மணமே பெரிது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைக்கும் தொன்மையான முறையிலிருந்து வரும் மணம் அது. தானியத்திலுள்ள நியாசின் சத்து உடலில் சேர்வதற்கும் அம்முறையே காரணம்.

சைவ உணவினர் பீன்ஸ் கேட்கும்போது, அது பன்றிக் கொழுப்பில் சமைத்ததா என்று விசாரிப்பது அவசியம்.

நடைபாதை வியாபாரத்தைக் குற்ற நடவடிக்கைகளிலிருந்து விடுவிக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2018-இல் இயற்றியது. அந்த உழைப்பாளிகளுக்கு அது மிகவும் தேவையாக இருந்தது. சில வண்டிகளில் வங்கி அட்டையை ஏற்பதில்லை. ஆகவே கையில் சில்லறை வைத்திருங்கள்.