ஒபாமாகேர் என்னும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை அமல்படுத்துவதில் அமெரிக்க அரசு காட்டிய தளர்வு சரியா?

சரியில்லை என்பதுதான் என் பதில். சட்டமே வேண்டாம் என்கிறவன் இல்லை நான். 2010இல் ஒபாமா கையெழுத்துப் போட்டபோது மனசாரச் சந்தோஷப்பட்டேன். நியூ ஜெர்ஸியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். காப்பீடு இல்லாமல் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த குடும்பம் எப்படிக் கடனில் மூழ்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சட்டத்தில் இரண்டு கட்டாயங்கள் இருந்தன. 50 அல்லது அதற்கு மேல் முழுநேர ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளி காப்பீடு தர வேண்டும். தனி ஆள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். தவறினால் அபராதம். இரண்டும் 2014இல் தொடங்க வேண்டியவை. 2013 ஜூலை 2 அன்று கருவூலத் துறை தன் இணையதளத்தில் ஒரு குறிப்பைப் போட்டு, முதலாளிகளுக்கு மட்டும் ஒரு வருடம் தள்ளிவைத்தது. 2014 பிப்ரவரியில் இன்னொரு சலுகை: 50 முதல் 99 பேர் வரை வைத்திருப்பவர்களுக்கு 2016 வரை அவகாசம்.

அதே ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை, முதலாளிகளுக்கான இந்த ஒத்திவைப்பைச் சட்டமாகவே நிறைவேற்றியது. தேவையே இல்லை, வந்தால் வீட்டோ செய்து தடுப்போம் என்றது வெள்ளை மாளிகை. சட்டத்தில் எழுதியிருக்கும் தேதியைச் சட்டம் போட்டு மாற்ற வழி இருந்தும் அதை மறுத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

2015 மார்ச்சில் எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா ஒருவர் வந்தார். ஒரு கேட்டரிங் நிறுவனத்தில் சமையல் வேலை. அங்கே எழுபது பேர். "வர்ற வருஷம் கம்பெனியே இன்சூரன்ஸ் போடும்னு முதலாளி சொன்னாருங்க, அதான் நான் எடுக்கல" என்றார். முதலாளிக்குக் கெடு தள்ளிப்போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. படிவத்தின் 61ஆவது வரியில் அவருடைய அபராதத்தை எழுதினேன். வருமானம் 24,000 டாலர். அபராதம் 140 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. முதலாளிக்கு ஒரு சென்ட் அபராதம் கிடையாது. அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம், புதிய சட்டத்தின் விதிகளுக்குப் பொருந்தாமல் ரத்தாக வேண்டிய பழைய பாலிசிகளைத் தொடரலாம் என்று 2013 நவம்பரில் அரசு விட்டது. கோபப்பட்ட மக்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் 2014க்கான பிரீமியத்தை அதற்குள் நிர்ணயித்துவிட்டன. ஆரோக்கியமானவர்கள் பழைய மலிவு பாலிசியிலேயே தங்கிவிட்டால், புதிய சந்தையில் நோயாளிகள்தானே மிஞ்சுவார்கள்?

முதலாளிகளுக்கான ஒத்திவைப்பை எதிர்த்துக் கீழவை வழக்குப் போட்டது. அதைக் கேட்க அவைக்கு உரிமையில்லை என்று 2015இல் நீதிமன்றம் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டது. ஒத்திவைப்பு செல்லுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் வரவில்லை. 2017 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டிரம்ப், இந்தச் சட்டத்தால் வரும் சுமைகளை முடிந்தவரை தள்ளுபடி செய்யுங்கள், தள்ளிவையுங்கள் என்று துறைகளுக்கு உத்தரவிட்டார். என் நண்பர்கள் கொதித்தார்கள். 2013இல் அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த அக்காவின் நிறுவனம் 2016 ஜனவரியில், கெடு முடிந்ததும், காப்பீடு கொடுத்தது. அடுத்த முறை வந்தபோது முதலில் பர்ஸைத் திறந்து அந்த அட்டையைத்தான் காட்டினார்.