இரண்டாவது நிலா எங்கே?

கேள்வி: "ஆகஸ்ட் 27 நள்ளிரவு 12.30 மணிக்குச் செவ்வாய் முழுநிலா அளவுக்குத் தெரியும். வானத்தில் இரண்டு நிலா! தவறவிட்டால் அடுத்து 2287-ல்தான். நாசா அறிவிப்பு" என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பிள்ளைகளை எழுப்பி மொட்டைமாடிக்குக் கூட்டிப்போகலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: காற்று வாங்கப் போகலாம். இரண்டாவது நிலாவுக்காகப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

அந்தச் செய்தியில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. ஆண்டைப் போட்டால் மறு வருஷம் யாரும் அனுப்ப மாட்டார்களே! விஷயம் நடந்தது 2003-ல். அந்த ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நமக்கு 5 கோடியே 58 லட்சம் கி.மீ. தொலைவுக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அத்தனை நெருக்கம் கிடையாது. அதைவிடக் கிட்டே வரப்போவது 2287-ல் என்பதும் நிஜம்தான். அப்போது சுற்றிய மின்னஞ்சலில், 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவில் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். கணக்கும் சரி: அன்று வானத்தில் செவ்வாயின் அகலம் 25 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை), 75-ஆல் பெருக்கினால் 1,875 விகலை, அதாவது 31 கலை. நிலாவும் அவ்வளவுதான். கைமாறிக் கைமாறி வந்ததில் '75 மடங்கு' உதிர்ந்துபோய், 'வெறுங்கண்' மட்டும் மிஞ்சிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 2003 ஆகஸ்ட் 27 அமாவாசை. ஒப்பிட்டுப் பார்க்க அன்று முதல் நிலாவே இல்லை. மிக நெருங்கிய கணமும் நமக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்று முன்பு வந்தது. 12.30 எங்கிருந்து முளைத்ததோ! மணி பார்த்துக் காத்திருக்கும் சமாச்சாரமும் இல்லை இது. ஒரு வாரம் முன்னே பின்னே பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அளவைக் கையிலேயே பிடித்துப் பார்க்கலாம். 5 மி.மீ. அகல மிளகு ஒன்றை ஊசியில் குத்தி, கண்ணிலிருந்து 55 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். முழுநிலாவைச் சரியாக மறைத்துவிடும். (உதயமாகும்போது நிலா பெரிதாகத் தெரிகிறதே என்பவர்களும் இதே மிளகை வைத்துப் பார்க்கலாம், அப்போதும் மறைக்கும்.) 2003-ன் செவ்வாயை மறைக்க அதே தூரத்தில் ஒரு தலைமுடி போதும். 60 விகலைக்குக் கீழே உள்ள எதையும் நம் கண் வெறும் புள்ளியாகத்தான் பார்க்கும். தன் பாதையில் செவ்வாய் எவ்வளவு கிட்டே வந்தாலும் பிரகாசம் கூடுமே தவிர வட்டமாகாது.

செவ்வாய் நிஜமாகவே நிலா அளவுக்குத் தெரிய வேண்டுமானால் ஏழரை லட்சம் கி.மீ.க்குள் வர வேண்டும். அதன் நிறை நிலாவைப்போல் எட்டரை மடங்குக்கும் மேல். அந்தத் தொலைவிலிருந்து அது எழுப்பும் ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) நிலா எழுப்புவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு வாட்ஸ்அப் சொல்ல வேண்டியதில்லை, கடலே சொல்லிவிடும்.

இதன் தம்பி ஒருவன் உண்டு: 'இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாயிலிருந்து காஸ்மிக் கதிர் வருகிறது, செல்போனை அணைத்துவிடுங்கள்.' விண்வெளியிலிருந்து எப்போதும் வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதி விளைவிக்கும் மியுவான் என்ற நுண்துகள்கள் இதைப் படிக்கும்போதும் விரித்த உங்கள் கையை நிமிடத்துக்கு நூறு என்ற கணக்கில் துளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கு நேரங்காலம் கிடையாது, செல்போனைத் தேடியும் வருவதில்லை.

செவ்வாயை உருப்படியாகப் பார்க்க ஆசையா? 26 மாதத்துக்கு ஒருமுறை அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வரும். அதையொட்டிய சில வாரங்கள்தான் தோது. 900 மி.மீ. குவியத்தூரமும் 70 மி.மீ. முகப்பு வில்லையும் உள்ள தொலைநோக்கியில் 12 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால், மேலே சொன்ன 75 மடங்கு (900 ÷ 12) வந்துவிடும். பெட்டியில் '675 மடங்கு' என்று அச்சடித்திருப்பார்கள்: 4 மி.மீ. ஐபீஸும், அதன் பெரிதாக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸும் சேர்ந்த கணக்கு. நம்பாதீர்கள். முகப்பு வில்லையின் விட்டம் எத்தனை மி.மீ.யோ, அதைப்போல் இரண்டு பங்குதான் உச்சவரம்பு, 70-க்கு 140. அதற்கு மேல் போனால் செவ்வாய் கலங்கிய ஆரஞ்சுச் சாயமாகத் தெரியும். பகல் சூட்டை இரவில் கக்கும் மொட்டைமாடித் தளமும் படத்தை அலையவைக்கும். மண்தரை உத்தமம். கருவியை அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குளிரவிடுங்கள்.

2027 பிப்ரவரி 20 மாலை கிழக்கே பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நிலா, மகம் விண்மீன், 10 கோடி கி.மீ. தொலைவில் செவ்வாய் மூன்றும் அக்கம்பக்கமாக ஏறிவரும். மிளகையும் ஊசியையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். அன்று செவ்வாய் வெறும் 14 விகலைதான். அதை மறைக்கத் தலைமுடியில் பாதி போதும்.